தூணில்லாத கூரை

ஜனவரி 8

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் தங்கை எழுதிக்கொள்வது. நான் நலம், என் முழங்கால் மட்டும் அதை ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் சர்க்கரையும் கண்ணும் எப்படி இருக்கின்றன? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறீர்களா?

குடியிருப்புச் சமையலறை இந்த மழைக்கும் ஒழுகியது. அடுப்புக்குப் பக்கத்தில் வாளி, மிக்சிக்கு மேல் குடை. கட்டடக் கலைஞருக்குத் தங்கை, பொறியாளருக்குப் பெண்டாட்டி, குடை பிடித்துக்கொண்டு சமைக்கிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் வீட்டுக்காரர் போன பிறகு உங்கள் இருவரின் நிறுவனக் காகிதங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாக எங்கள் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்துக்கே வந்துவிட்டன. பிரித்து அடுக்கும் வேலை என் தலையில். ஓய்வு பெறுவதற்குள் முடிக்க வேண்டுமாம். எந்த நிறுவனத்தின் காகிதம் வந்தாலும், எந்த அலுவலகத்தின் கோப்பு வந்தாலும், அதன் வரலாற்றை அரைப் பக்கத்தில் எழுதி முதல் பெட்டியில் வைப்பது எங்கள் முறை. யார் தொடங்கினார், எப்போது பெயர் மாறியது, ஏன் மூடினார்கள். அதற்குக் கீழே மூன்று தலைப்பு: கட்டியவை, கட்டப்படாதவை, இடிக்கப்பட்டவை. காகிதத்தில் இல்லாத எதையும் எழுத எனக்கு உரிமை கிடையாது.

அடுக்கிக்கொண்டே நூலகத்தின் வாசிப்பு மண்டபக் கோப்பில் வந்து நிற்கிறேன். தூணில்லாத அந்தக் கூரைக்கு அவர் போட்ட கணக்குகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. வரைபடம் ஒன்றுகூட இல்லை. நீங்கள் பிரிந்து போன அன்று குழாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். பத்திரமாக இருந்தால் அனுப்பி வையுங்கள். எங்கள் கட்டடப் பிரிவுத் தலைவரும் வந்து வந்து கேட்கிறார். "மேடம், அந்தக் கூரை டிராயிங் மட்டும் கெடைச்சாப் போதும், மத்ததெல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை


ஜனவரி 27

அன்பு வாலுக்கு,

அண்ணன்தான். இருக்கிறேன். சர்க்கரை ஏறுகிறது, பார்வை இறங்குகிறது, கோபம் மட்டும் அதே அளவில் நிற்கிறது.

போன் பண்ணாமல் கடிதம் போட்டாயே, அதுவரை சந்தோஷம். போனில் உன் குரல் வந்தால் பின்னால் மாப்பிள்ளை தொண்டையைச் செருமுவதுபோலவே எனக்குக் கேட்கும். மனுஷன் போயே போய்விட்டார், இன்னும் என் காதுக்குள் செருமிக்கொண்டு இருக்கிறார்.

வரைபடத்தைத் தர மாட்டேன். அரைப் பக்கமாம், வரலாறாம்! உன் வீட்டுக்காரர் கணக்குப் போட்டார், யார் இல்லை என்றது? நான் வரைந்து முடித்த கூரை நிற்குமா என்று கூட்டிக் கழித்துப் பார்த்தவர் அவர். அதிலும் முதலில் என்ன சொன்னார் தெரியுமா? "மச்சான், இது விழுந்துடும். நடுவுல நாலு தூணப் போடுங்க, நிம்மதியாத் தூங்கலாம்." படிக்கிற இடத்தில் இவருக்கு எதற்குத் தூக்கம்? கான்கிரீட்டுக்குள் இரும்புக் கேபிள்களை ஓடவிட்டு இரண்டு முனையிலும் இழுத்துப் பிடித்தால் தூணே வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகச் சொல்லிப் புரியவைத்தேன். திறப்பு விழா அன்று மேடையேறி என்ன பேசினார்? "இந்தக் கூரையை நான் நிறுத்திக் காட்டினேன்." நாங்கள் என்றுகூட வாயில் வரவில்லை. நான் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். அதுதான் இன்னும் எரிகிறது.

அதை விடு. மண்டபம் எப்படி இருக்கிறது? சாயங்காலம் மேற்கு ஜன்னல் வெயில் நீள மேசையின் கடைசி நாற்காலி வரைக்கும் நடந்து வருமே, இன்னும் வருகிறதா? அதை எழுது.

அண்ணன்


பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். கோபத்தில் கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆக உடம்பும் நன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு முழங்காலோடு இடுப்பும் சேர்ந்துகொண்டது. சமையலறையில் இப்போது இரண்டு வாளி.

மண்டபத்தைக் கேட்டீர்கள். அமைதியாக இருக்கிறது. யாரும் அங்கே சத்தம் போடுவதில்லை.

நான் எழுதி வைத்திருக்கும் வரைவிலிருந்து உங்களைப் பற்றிய பகுதியை அப்படியே எடுத்துத் தருகிறேன்:

'வாசிப்பு மண்டபம். இதன் தூணில்லாத கூரையை நிறுவனத்தின் பொறியாளர் வடிவமைத்தார். கட்டடக் கலைஞரான மற்றொரு பங்குதாரர் பின்னர் விலகினார்.'

அவ்வளவுதான். இதற்கு மேல் எழுத என்னிடம் தாள் இல்லை. மார்ச் கடைசியில் குறிப்பு அச்சுக்குப் போய்விடும். பிறகு யார் வந்து பெட்டியைத் திறந்தாலும் இதுதான் வரலாறு. ஒரு நல்ல செய்தியும் உண்டு. கையிலெடுத்த எதையும் உங்கள் நிறுவனம் பாதியில் விடவில்லை. 'கட்டப்படாதவை' என்ற தலைப்பு காலியாக இருக்கிறது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு தொகுப்பை நான் பார்த்ததில்லை.

தங்கை


மார்ச் 5

வாலு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

'பின்னர் விலகினார்.' ஏதோ கல்யாண வீட்டில் பந்தி பிடிக்காமல் எழுந்து போனவன் மாதிரி! செத்த பிறகும் அந்த மனுஷன் மேடையை விட்டு இறங்கவில்லையே. எழுதியது நீ என்பதுதான் தாங்கவில்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இந்தா, எடுத்துக்கொள். இதோடு வருகிற குழாயில் மூலப் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. என் கையெழுத்தும் தேதியும் ஒவ்வொரு தாளின் மூலையிலும் இருக்கிறது. மாப்பிள்ளை கணக்குப் போட ஆரம்பித்ததற்கு எவ்வளவு முந்தையது என்று நீயே பார். சிவப்பு மையில் இருப்பவை கேபிள்கள். எங்கே தொடங்கி, எங்கே வளைந்து, எந்தச் சுவரில் முடிகிறது என்று ஒன்று விடாமல் இருக்கிறது. பிறகு கணக்கைத் தேடி யாரும் அலைய வேண்டாம் என்று ஒவ்வொரு கேபிளின் இழுவை எவ்வளவு என்பதையும் ஓரத்தில் எழுதியிருக்கிறேன்.

உங்கள் கட்டடப் பிரிவு ஆளிடம் ஒன்று சொல்லிவை. இந்தப் படத்தைப் பார்க்காமல் அந்தக் கூரையில் ஒரு மின்விசிறிக் கொக்கிக்குக்கூடத் துளை போடக் கூடாது. தெரியாமல் ஒரு கேபிளை அறுத்தால் மண்டபம் மொத்தமும் உட்கார்ந்துவிடும், கீழே நிற்கிறவனையும் சேர்த்து. இத்தனை வருஷம் யாரும் அதில் கைவைக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்கள். முடிந்த பிறகு எவ்வளவு தெரியும் என்று கேட்டால் டாக்டர் பேச்சை மாற்றுகிறார். அதற்கு முன்னால் ஒருமுறை வந்து அந்த மண்டபத்தில் உட்கார வேண்டும். வெயில் மேசை மேல் வருகிறதா என்று கேட்டேனே, நீ சொல்லவில்லை.

அண்ணன்


மார்ச் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். குழாய் வந்து சேர்ந்தது. தாள்கள் எதுவும் கசங்கவில்லை.

குறிப்பைத் திருத்திவிட்டேன்: 'தூணில்லாத கூரையை நிறுவனத்தின் கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். மூல வரைபடங்கள் அவரே அளித்தவை.' அச்சுத் தாள் இணைத்திருக்கிறேன். கட்டடப் பிரிவுத் தலைவர் படங்களை மேசையில் விரித்து, சிவப்புக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நீங்கள் சொன்ன எச்சரிக்கையை வரி விடாமல் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

இப்போது வர வேண்டாம். வெயில் கொளுத்துகிறது, உங்களுக்கு ஆகாது. என் வீட்டிலும் வசதியில்லை. சமையலறைக் காரை பெயர்ந்து விழ ஆரம்பித்துவிட்டது. முதலில் கண்ணைப் பாருங்கள்.

தங்கை


ஏப்ரல் 10

என் அருமை வாலுக்கு,

அண்ணனின் ஆசிகள். இன்று சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கவே இல்லை, பார்க்கவும் மாட்டேன்.

அச்சுத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுவிட்டேன். கீழ்வீட்டுக்காரரைப் பிடித்து உட்காரவைத்துப் படித்துக் காட்டினேன். "அரைப் பக்கத்துக்கா இந்த ஆர்ப்பாட்டம்?" என்றார். போய்யா, உனக்கு என்ன தெரியும் என்றேன். அந்த அரைப் பக்கத்தில் என் பேர் ஏற எத்தனை வருஷம்! 'கட்டப்படாதவை' காலி என்பதையும் அழுத்திச் சொன்னேன். அதுதான் பெருமை. தொட்டதை முடித்தவன் நான்.

நீ வர வேண்டாம் என்றாலும் நான் வருவேன். ஆகஸ்டில் டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உன் வீட்டில் தங்கவில்லை, கவலைப்படாதே. மண்டபத்தில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அந்த வெயிலைப் பற்றி இதுவரை நீ வாயே திறக்கவில்லை. ஜன்னலை அலமாரி வைத்து மறைத்துவிட்டார்களா? அப்படி என்றால் வந்து நானே நகர்த்துகிறேன்.

அண்ணன்


ஜூலை 3

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைத் தங்களுக்குத் தெரியாது. பல்கலைக்கழகப் பழைய வாசிப்பு மண்டபத்தை இடிக்கும் ஒப்பந்த நிறுவனத்தின் தளப் பொறியாளர் நான். தங்கள் முகவரியை ஆவணக் காப்பகப் பதிவில் பார்த்தேன்.

மண்டபம் பூட்டி ஆறேழு வருடமாகிறது. அந்த இடத்தில் பல மாடிக் கட்டடம் கட்டுவதாக முடிவாகியும், கூரைக்குள் கேபிள் எப்படி ஓடுகிறது என்று தெரியாததால் எந்த நிறுவனமும் வேலையை எடுக்க முன்வரவில்லை. தங்கள் வரைபடம் வந்த பிறகுதான் நாங்கள் துணிந்தோம். மிகையாகச் சொல்லவில்லை ஐயா, இப்படி ஒரு தெளிவான படத்தை நான் கண்டதில்லை. எங்கள் தளத்தில் வேலை செய்யும் பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

ஒரே ஒரு சந்தேகம். கேபிள்களை எந்த வரிசையில் தளர்த்துவது என்பது படத்தில் இல்லை. ஓரத்திலிருந்து போகலாமா, நடுவிலிருந்தா? தாங்கள் இரண்டு வரி எழுதினால் பேருதவியாக இருக்கும்.

பணிவுடன்,
தளப் பொறியாளர்


ஜூலை 15

தங்கைக்கு,

இடிக்கிறவன் எனக்கு நன்றி சொல்லிக் கடிதம் போட்டிருக்கிறான். நல்ல பையன். மரியாதையாக எழுதுகிறான். என் பிள்ளையைக் கொல்ல எந்தப் பக்கம் கத்தி வைக்கலாம் என்று என்னிடமே கேட்கிறான்.

உனக்கு எல்லாம் தெரியும். ஜனவரியிலேயே தெரியும். 'யாரும் அங்கே சத்தம் போடுவதில்லை' என்று எழுதினாயே, பூட்டிக் கிடக்கிற கட்டடத்தில் யார் சத்தம் போடுவது? அதைப் படித்துவிட்டு, படிக்கிற பிள்ளைகள் எவ்வளவு ஒழுக்கம் என்று நான் இங்கே மகிழ்ந்துகொண்டிருந்தேன், மடையன்.

கூடப் பிறந்தவள் கழுத்தறுத்தாள் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்? கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டேன். டிக்கெட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று மட்டும் எழுது. நலம் எல்லாம் விசாரிக்காதே.


ஆகஸ்ட் 1

அண்ணனுக்கு,

விசாரிக்கவில்லை.

கழுத்தறுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம். கட்டடப் பிரிவுத் தலைவர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, "உங்க அண்ணன்கிட்ட அந்தப் படம் இருக்குமா மேடம்? கேட்டா தருவாரா?" என்றார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். மண்டபம் இன்னும் பத்து வருஷம் பூட்டியபடியே நின்றிருக்கும். நான் சொன்னது இதுதான்: "கேட்டா தர மாட்டார். கோபப்படுத்தினாத் தருவார்."

ஏன் என்கிறீர்கள். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உங்களுக்கு எழுதினேன். வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. செத்த பிறகு எழுதினேன், அதற்குப் பதிலே வரவில்லை. இந்த வருஷம் எழுதிய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். மேசை மேல் வெயில் வருகிறதா, வெயில் வருகிறதா! தனியாக எப்படியடி இருக்கிறாய் என்று ஒரு வரி உண்டா? சமையலறை ஒழுகுகிறது என்று விடாமல் எழுதினேன். ஒரு தடவையாவது உங்கள் கண்ணில் பட்டதா? கூரையைப் பற்றிய வார்த்தைதான் அதுவும். உங்கள் கூரை இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கூரை யாருடையது என்று எனக்குத் தெரியாதா? அதை நீங்கள் வரைந்தது என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். தட்டு வைக்க இடமில்லாமல் நான் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். கேபிள் எப்படித் தொய்யும் என்று அவருக்குக் காட்ட, கொல்லையில் நான் துணி காயப்போட்டிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தீர்கள். ஈரத்துணி எல்லாம் மண்ணில். பார்த்துக்கொண்டு நின்ற சாட்சி நான் ஒருத்திதான். நீங்கள் இரண்டு பேரும் ஆயுசு முழுக்கச் சண்டை போட்டீர்கள். யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், என்னைக் கேட்டீர்களா? கேட்டிருந்தால் அவர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன், அது என் அண்ணன் போட்டது என்று.

கேட்கவில்லை. உங்களுக்குத் தாள்தான் வேண்டியிருந்தது. தாளில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள தளப் பொறியாளருக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். பதில் போட வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் எழுதாவிட்டாலும் நீங்கள் அறுக்கத்தான் போகிறீர்கள், கீழே ஒருவன் சாவான். அது எனக்கு வேண்டாம்.

முதலில் மண்டபம் முழுவதும் முட்டுக் கொடுங்கள். நெருக்கமாக. ஒப்பந்தக்காரர் கஞ்சத்தனம் செய்தால் வேலையை விட்டு இறங்கிவிடுங்கள். பிறகு கேபிள்களை ஒன்று விட்டு ஒன்றாக, இரண்டு பக்கமும் சமமாகத் தளர்த்துங்கள். ஒரேயடியாக அறுக்கக் கூடாது. கேபிள் முடியும் சுவருக்கு நேர் எதிரே ஆள் நிற்கவே கூடாது, விடுபட்டால் குண்டு மாதிரி வரும். நடுவில் இருப்பதைக் கடைசியாக வையுங்கள். அதுதான் மொத்தப் பாரத்தையும் தாங்குவது.

சாயங்காலம் நீங்கள் உள்ளே நின்றால், மேற்கு ஜன்னல் வெயில் எதுவரை வருகிறது என்று பாருங்கள். எனக்கு எழுத வேண்டாம். யாராவது ஒருவர் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
கட்டடக் கலைஞர்


அக்டோபர் 9

வாலு,

நான் சொல்லச் சொல்லக் கீழ்வீட்டுக்காரர் எழுதுகிறார். கண்ணில் ஆபரேஷன் முடிந்தது. ஒன்றில் நிழல் தெரிகிறது. இன்னொன்றில் அதுவும் இல்லை.

உன் ஆகஸ்ட் கடிதத்தை மறுபடியும் ஒருமுறை இவரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இவர் நடுவில் நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்திருப்பார். நல்லவேளை எனக்குத் தெரியவில்லை. துணிக்கயிறு எனக்கு நினைவே இல்லை. நீ எழுதிய பிறகும் வரவில்லை. மற்றதெல்லாம் நினைவிருக்கிறது.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். உன் சமையலறைக் கூரை. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் வரைந்தது. அந்தக் குடியிருப்புகளின் அமைப்பு எனக்குத் தெரியும், அடுப்புக்கு மேலே தண்ணீர் போகிற சரிவைத் தப்பாகப் போட்டிருப்பார்கள். பழைய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நான் காட்டியிருக்கிற பக்கம் சரிவை மாற்றச் சொல். எந்தக் கொத்தனாருக்கும் புரியும். அடுத்த மழைக்குள் முடித்துவிடு.

முழங்கால் எப்படி இருக்கிறது? தனியாக எப்படி இருக்கிறாய்?

அண்ணன்


டிசம்பர் 2

அன்புள்ள அண்ணனுக்கு,

கீழ்வீட்டுக்காரருக்கு என் வணக்கம், இதையும் அவர்தான் படிப்பார். முழங்கால் அப்படியே இருக்கிறது. தனியாக இருப்பது பழகிவிட்டது. கேட்டதற்கு நன்றி.

படம் கிடைத்தது. கோடு ஒன்றுகூட நடுங்கவில்லை. ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் எங்கள் குடியிருப்பும் அதே இடிப்பு ஒப்பந்தத்தில்தான் இருந்தது. மண்டபத்துக்கு அடுத்தது எங்கள் வரிசை. உங்கள் கடிதம் வருவதற்கு முந்தைய வாரம் காலி செய்தேன். இப்போது ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மேலே இன்னும் இரண்டு மாடி உண்டு, ஒழுக வழியில்லை.

மண்டபம் போய்விட்டது. நீங்கள் சொன்ன வரிசையிலேயே தளர்த்தினார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. தளப் பொறியாளர் உங்கள் கடிதத்தைக் கொண்டுவந்து காப்பகத்தில் ஒப்படைத்தார். வெயில் கடைசி நாற்காலி வரை வந்தது என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.

போன வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றேன். கடைசி வேலையாக உங்கள் நிறுவனத்தின் குறிப்பைத் திருத்தினேன். வாசிப்பு மண்டபத்தைக் 'கட்டியவை'யிலிருந்து எடுத்து 'இடிக்கப்பட்டவை'யில் சேர்த்தேன். வடிவமைத்தவர் என்று உங்களைப் போட்டிருக்கிறேன். இடிக்கும் முறையை வகுத்தவர் என்றும் உங்களைத்தான் போட வேண்டியிருந்தது, தாள் இருக்கிறதே.

சமையலறைப் படத்தையும் பெட்டியில் வைத்துவிட்டேன். அந்தக் காலித் தலைப்பு இப்போது காலியாக இல்லை. 'கட்டப்படாதவை' என்பதன் கீழே ஒரே ஒரு வரி இருக்கிறது: தங்கை வீட்டுச் சமையலறைக் கூரை.

தங்கை